பேய்க் காமெடியின் அடுத்த பாகத்துக்குச் சிரிப்பு வராவிட்டால் அது வயதுக் கோளாறா?

நீங்கள் கேட்டது இது: "சந்தானம் நடித்த டிடி ரிட்டர்ன்ஸ் படத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே கூட்டணி எடுத்த டிடி நெக்ஸ்ட் லெவலுக்குக் குடும்பத்தோடு போனேன், நாலு இடத்தில்தான் சிரிப்பு வந்தது. பக்கத்துச் சீட்டுப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரசனை போய்விட்டதா, படம்தான் சரியில்லையா? இனி இந்தப் பார்ட் 3, பார்ட் 4-க்கெல்லாம் காசு கொடுத்துப் போகலாமா?" படத்துக்கு மார்க் போடச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. அதே ஆட்கள் அதே பாணியில் எடுத்த இரண்டு படத்தில் ஒன்றுக்கு வந்த சிரிப்பு இன்னொன்றுக்கு ஏன் வரவில்லை, அதில் படத்தின் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் விமர்சகன் இல்லை. தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரே திரை உள்ள தியேட்டரில் 1999-இல் ஆபரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவன். படப்பெட்டி பஸ்ஸில் வந்த காலத்தில் ரீல் ஓட்டினேன், அப்புறம் க்யூப் என்ற டிஜிட்டல் முறை வந்தது, இப்போது அதே தியேட்டருக்கு மேனேஜர். ஓடுகிற படம் என்றால் முப்பது நாற்பது தடவை பார்த்துவிடுவேன். ஆனால் திரையைப் பார்ப்பது முதல் இரண்டு தடவைதான். அதற்கப்புறம் கேபின் ஜன்னல் வழியாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிப்பவன் தலை பின்னால் சாயும். பயப்படுகிறவன் தலை தோளுக்குள் போகும். சலித்துப்போனவன் மடியில் செல்போன் வெளிச்சம் தெரியும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஜன்னலிலிருந்து பார்த்தது. பெருநகர மல்டிபிளெக்ஸ் கூட்டம் எப்படி என்பதற்கு நான் சாட்சி இல்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்: வயதால் சிரிப்பு போவதில்லை. இதற்கு அருமையான உதாரணம் மதகஜராஜா. 2012 வாக்கில் எடுத்து, சிக்கல்களில் மாட்டிக் கிடந்து, 2025 பொங்கலுக்குத்தான் வெளியானது. பெரிய படம் ஒன்று தள்ளிப்போனதால் கிடைத்த இடைவெளியில் வந்த படம். "பன்னிரண்டு வருஷப் பழைய மாவு, தோசை வருமா?" என்று நானே கிண்டல் செய்தேன். வந்தது. அந்தப் படத்தை எடுத்தபோது ஒன்றாம் வகுப்பு படித்திருக்கக்கூடிய கல்லூரிப் பையன்களும், அவர்களுடைய அப்பாக்களும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். சந்தானம் காட்சிகளுக்கு எங்கள் ஹாலில் விழுந்த சிரிப்பை அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் நான் கேட்கவில்லை. ஆகவே பழைய ரசனைக்காரர், புதிய ரசனைக்காரர் என்று பிரித்துக் கவலைப்பட வேண்டாம்.

இனி பேய்க் காமெடிக்கு வருவோம். இந்த வகைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு என்பது என் கருத்து. யாராவது ஒருவர் நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி நினைவிருக்கும். பேயும் கிடையாது, கிராபிக்ஸும் கிடையாது, ஓர் அறையில் இரண்டு பேர். நாம் சிரிப்பது கதை சொல்லும் நாகேஷைப் பார்த்து மட்டுமா? பாலையாவின் முகத்தைக் கொஞ்சம் மறைத்துவிட்டுப் பாருங்கள், பாதி போய்விடும். அந்த மனிதர் நிஜமாகவே நடுங்குகிறார். எழுந்து போகவும் முடியவில்லை, மேலே கேட்கவும் முடியவில்லை. "சும்மா பயப்படுவது போல் நடிக்கிறேன்" என்று அவர் நமக்குக் கண் காட்டியிருந்தால் அந்தக் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

ராகவா லாரன்ஸ் இதைப் பிடித்தவர். 2007-இல் வந்த முனி, 2011-இல் வந்த காஞ்சனா இரண்டிலும் ஹீரோ யார்? நாலு பேரை அடித்துப் போடும் தடியன், ஆனால் இருட்டினால் அம்மா துணை இல்லாமல் பாத்ரூம் போகமாட்டான். தமிழ் சினிமா ஹீரோவுக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு இல்லை. காஞ்சனாவில் கோவை சரளா, தேவதர்ஷினி, ஸ்ரீமன் என்று வீடே பயந்தது. ராத்திரி அந்தக் குடும்பம் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியும் காட்சிகளுக்கு எங்கள் ஹாலில் பெண்கள் பகுதியிலிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் சரத்குமாரின் திருநங்கைக் கதை வந்தபோது அதே கூட்டம் கப்சிப். சிரித்துக் களைத்த ஹால் அழுகைக்கு எளிதாக இறங்கும், அதுதான் அந்தப் படத்தின் சூட்சுமம்.

2015-இல் காஞ்சனா 2, 2019-இல் காஞ்சனா 3. இரண்டுக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. காஞ்சனா 3 கோடை விடுமுறையில் வந்து எங்களுக்கு நல்ல வசூல் கொடுத்தது, நன்றிகெட்டுப் பேசக் கூடாது. ஆனால் ஜன்னலிலிருந்து பார்த்ததைச் சொல்ல வேண்டுமே. பாத்ரூம் காட்சி வந்ததும் குழந்தைகள் முன்கூட்டியே சிரித்தார்கள், பெரியவர்கள் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்கள். இவனுக்கு ஏற்கெனவே பேய் பிடித்து, பேய்க்குப் பழிவாங்கிக் கொடுத்து, குத்துப்பாட்டும் ஆடியாகிவிட்டது என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு பாகத்திலும் கதை புதுசு என்று திரைக்கதை சொன்னாலும் முகம் அதே முகம். அந்த முகம் இதையெல்லாம் பார்த்தாயிற்று. அதற்கு மேல் பயம் ஒரு சடங்காகிவிடுகிறது.

சந்தானத்தின் வரிசை வேறு ரகம், உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. அவர் பயப்படும் ஹீரோ இல்லை, வாயாடி. பேயையே கிண்டலடிப்பவர். அப்படியானால் என் சட்டம் பொய்யா? இல்லை. அங்கே மாட்டிக்கொள்வது பேய். தில்லுக்கு துட்டு 2016-இல் வந்தது, இயக்கம் லொள்ளு சபா ராம்பாலா. கூலிக்குப் பேய் வேஷம் போட்ட கும்பலும் நிஜப் பேயும் ஒரே பங்களாவில். யார் அசல், யார் போலி என்று தெரியாமல் இவர்கள் பேசுகிற பேச்சில் அசல் பேயின் மானம் போகிறது. 2019-இல் இரண்டாம் பாகம்: கதாநாயகியிடம் காதலைச் சொல்கிறவனைப் பேய் வந்து அடிக்கும். ஒரே வரி. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரை எப்படிச் சொல்ல வைப்பது என்று விளையாடிக்கொண்டே போகலாம். 2023-இல் எஸ். பிரேம் ஆனந்த் இயக்கிய டிடி ரிட்டர்ன்ஸில் இது இன்னும் இறுகியது. பாண்டிச்சேரியில் ஒரு பங்களா, அதற்குள் சூதாடிப் பேய்க் குடும்பம், அவர்கள் வைக்கும் விளையாட்டில் ஜெயித்தால் வெளியே போகலாம், தோற்றால் உயிர் போகும். திருட்டுப் பணம் உள்ளே இருப்பதால் விட்டுவிட்டு ஓடவும் மனசில்லை. மனிதர்களும் மாட்டிக்கொண்டார்கள், சொந்த விதிக்குக் கட்டுப்பட்ட பேயும் மாட்டிக்கொண்டது. மொட்டை ராஜேந்திரன், முனீஷ்காந்த், ரெடின் கிங்ஸ்லி, மாறன் என்று ஆளுக்கொரு முட்டாள்தனம். விதி தெளிவாக இருந்ததால் ஒவ்வொரு முட்டாள்தனத்துக்கும் விலை இருந்தது. உங்களுக்கு வயிறு வலித்ததற்கு அதுதான் காரணம்.

இடையில் ஒரு விஷயம். முதல் இரண்டு படமும் தமிழில் தில்லுக்கு துட்டு என்றிருக்க, மூன்றாவதிலிருந்து டிடி ரிட்டர்ன்ஸ், டிடி நெக்ஸ்ட் லெவல் என்று பெயர் ஆங்கிலமானதைக் கவனித்தீர்களா? 2006-இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது, அப்போது எல்லோரும் அகராதியைத் தேடி ஓடினார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தச் சலுகையின் கவர்ச்சி போய்விட்டது. இந்தப் பெயர்மாற்றத்துக்கும் அதுதான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

இப்போது நெக்ஸ்ட் லெவல், 2025 மே 16. சந்தானம் ஒரு சினிமா விமர்சகர். தன் படங்களைக் கிழித்தவர்கள் மேல் கோபம் கொண்ட இயக்குநர் பேயாக செல்வராகவன். விமர்சகரின் குடும்பத்தையே ஒரு படத்துக்குள் இழுத்துப்போட்டு, அவரையும் உள்ளே வர வைக்கிறது அந்தப் பேய். கேட்கும்போது நல்ல கற்பனை, நேரமும் பொருத்தம். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2024 நவம்பரில்தான், தியேட்டர் வாசலில் யூடியூப் விமர்சனம் எடுக்க விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று எங்களைக் கேட்டிருந்தது. மைக்கோடு வந்து நிற்கும் பையன்களை என்ன செய்வதென்று நானும் விழித்துக்கொண்டிருந்த சமயம். ஆகவே முதல் இருபது நிமிஷம் ஹால் நன்றாகவே சிரித்தது.

பிரச்சினை உள்ளே போன பிறகு. படத்துக்குள் படம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். டிடி ரிட்டர்ன்ஸில் அடுத்து என்ன ஆட்டம், தோற்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பாட்டிக்குக்கூடத் தெரிந்தது. இங்கே இந்த உலகத்தில் எது ஆபத்து, எது வெறும் கேலி என்று பிடிபடவில்லை. அம்மா, அப்பா, தங்கை எல்லோரும் வேறு வேறு பாத்திரமாக மாறிவிட்டதால் அவர்களுக்குத் தாங்கள் மாட்டியிருப்பதே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஹீரோ, அவரோ சினிமா இலக்கணம் அத்தனையும் அறிந்த விமர்சகர். பயப்படத் தெரியாத ஹீரோவும், பயப்படக் காரணம் தெரியாத குடும்பமும் சேர்ந்தால் மிஞ்சுவது வசனம்தான். வசனத்தில் பத்துக்கு மூன்று நன்றாக இருந்தது. நீங்கள் சிரித்த நாலு இடமும் என் ஜன்னலுக்குத் தெரிந்த நாலு இடமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பையன் ஏன் சிரித்தான் என்றால், அந்தப் படத்தில் இன்ஸ்டாகிராம், மீம் சமாச்சாரம் நிறைய. ஒரு வசனம் எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்தவனுக்கு, தனக்குத் தெரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்திலேயே ஒரு சிரிப்பு வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன், தமிழ் சினிமாவையே கிண்டல் செய்த 'தமிழ்ப் படம்' 2010-இல் வந்தபோது நாமும் அப்படித்தான் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பின் ஆயுள் குறைவு. இரண்டாவது வாரம் வருகிற கூட்டத்தில் அது பாதியாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் உங்கள் வயதுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பாகத்தின் சட்டத்தையே உடைத்துவிட்ட உதாரணம் வேண்டுமானால் சந்திரமுகி 2. 2005 சந்திரமுகியின் ரகசியம், கடைசியில் அங்கே பேயே இல்லை என்பதுதான். மனநோய். அதனால்தான் வடிவேலு பேய்க்குப் பயந்து நடுங்க நடுங்க நமக்கு இரட்டைச் சிரிப்பு. 2023-இல் அதே பி. வாசு, அதே வேட்டையபுரம் அரண்மனை, அதே வடிவேலு. ஆனால் இம்முறை நிஜமாகவே பேய். அதே நடுக்கம் இங்கே வெறும் நடுக்கமாகிவிட்டது. எங்கள் ஹாலில் அவர் திரையில் தோன்றியபோது வந்த கைதட்டல் பெரிது. அது பழைய பாசம். அதற்கப்புறம் வந்த சிரிப்பை விரல் விட்டு எண்ணலாம்.

நேர்மாறாக, சட்டத்தைத் திருப்பிப் போட்டு ஜெயித்தது இந்தியில் ஸ்த்ரீ. 2018-இல் வந்த முதல் படத்தில் சந்தேரி என்ற ஊரில் பெண்பேய் ஆண்களைத் தூக்கிக்கொண்டு போகும். 2024-இல் அதே ஊர், அதே நாலு கூட்டாளிகள், இப்போது தலையில்லாத ஒருவன் பெண்களைத் தூக்குகிறான். பார்க்கிறவருக்கு விதி புதிதாகப் படிக்க வேண்டியதில்லை, ஆனால் மாட்டிக்கொள்கிறவர்கள் மாறிவிட்டார்கள். சட்டென்று பிடிபடும்.

சுந்தர் சியின் அரண்மனையை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். 2014, 2016, 2021, 2024 என்று நாலு வந்தாயிற்று. எனக்கு அதைக் காமெடி வரிசை என்று சொல்லவே கொஞ்சம் தயக்கம். அது ஒரு கல்யாணச் சாப்பாடு. இலையில் எது எங்கே வரும் என்று தெரிந்தேதான் உட்காருகிறோம்: பெரிய வீடு, சொந்தபந்தம், ஒரு கொடூரக் கொலை, ஒரு குழந்தை, கடைசியில் அம்மன் சன்னதியில் பாட்டு. சிரிப்பு அதில் ஊறுகாய் அளவு. நாலாம் பாகம் 2024 மே மாதம் வந்தபோது நாங்கள் காய்ந்து கிடந்தோம். அந்த வருஷத் தொடக்கத்தில் எங்கள் கல்லாவைக் காப்பாற்றியது மலையாளத்து மஞ்சுமெல் பாய்ஸும், மறுபடி வெளியிட்ட கில்லியும்தான். அப்படிப்பட்ட நேரத்தில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். காமெடி சுமார் என்று வெளியே போகும்போது சொன்னவர்களே அடுத்த நாள் மச்சினி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

அப்படியானால் ஏன் விடாமல் பாகம் பாகமாக எடுக்கிறார்கள்? இதற்குக் கலைக் காரணம் தேட வேண்டாம். புதுப் பெயர் ஒன்றை ஊர்க்காரர்கள் மனதில் ஏற்ற விளம்பரச் செலவு ஆகும். காஞ்சனா, அரண்மனை என்ற பெயரை டிவி வருஷம் முழுக்க இலவசமாக ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் போஸ்டரைக் காட்டி அப்பாவின் சட்டையை இழுக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் பணம் வந்தாக வேண்டும், நாலு வாரத்தில் ஓடிடிக்குப் போய்விடும். அதை எட்டு வாரமாக்குங்கள் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இந்தக் கணக்கில் முதல் மூன்று நாள் கூட்டத்துக்குப் பெயர் போதும், படம் வேண்டியதில்லை. இப்படிச் சொல்வது எங்கள் தொழிலுக்கே உலை வைப்பதுதான், பரவாயில்லை.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. சத்தம். பேய்ப்படத்தில் திடீரென்று ஒரு இடி விழுமே, அதை ஒவ்வொரு பாகத்திலும் முந்தையதைவிட ஓங்கி வைக்கிறார்கள். முதல் காட்சியிலேயே கைக்குழந்தைக்காரர்களும் பெரியவர்களும் வெளியே வந்து சண்டை போடுவார்கள். சவுண்ட் புராசஸரில் ஏழில் வைக்கச் சொல்லிக் கலந்த ஒலியை நாங்கள் ஐந்துக்கு இறக்குவோம். இடி இறங்கும், கூடவே வசனமும் இறங்கும். மொட்டை ராஜேந்திரன் வாய்க்குள் முனகும் அந்த ஒரு வார்த்தை, அதில்தான் சிரிப்பே இருக்கிறது, பின்வரிசைக்குப் போய்ச் சேராது. அதன்மேல் பின்னணி இசை வேறு. பழைய படங்களில் ஒரு நகைச்சுவைக்கு அப்புறம் சிரித்து முடிக்க இரண்டு நொடி, யாராவது முழிக்கிற ஒரு ஷாட் விடுவார்கள். இப்போது அடுத்த வசனம் உடனே வந்து விழுகிறது. முதலாவதற்குச் சிரித்தால் இரண்டாவது போச்சு. நீங்கள் பார்த்த தியேட்டரில் ஒலி எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நாலைந்து சிரிப்பு அங்கேயே தொலைந்திருக்க வாய்ப்புண்டு. வீட்டில் டிவியில் பார்க்கும்போது "தியேட்டரில் இது கேட்கவே இல்லையே" என்று உங்களுக்கே தோன்றலாம்.

கூட்டமும் ஒரு காரணம், ஆனால் எவ்வளவு என்று அளந்து சொல்ல மாட்டேன். டிடி ரிட்டர்ன்ஸை, நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்த கூட்டத்தோடு பார்த்தீர்கள் என்றால், அது நிறைந்த ஹாலாக இருந்திருக்கும். ஒரே காட்சி ஞாயிறு மாலை நிறைந்த ஹாலில் கூரையைப் பிய்க்கும். திங்கள் மேட்னியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, அதே காட்சிக்கு ஏசி சத்தம் கேட்கும். அந்த நாற்பது பேரும் ரசனை கெட்டவர்கள் இல்லை, தனியாகச் சிரிக்கக் கூச்சம், அவ்வளவுதான்.

காசு கொடுத்துப் போகலாமா என்ற கடைசிக் கேள்விக்கு, நான் சொந்தக் குடும்பத்தை எப்படி அனுப்புகிறேன் என்று சொல்கிறேன். எனக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனால் பாப்கார்ன் இலவசம் இல்லை. டிரெய்லரைப் பார்த்துவிட்டு, இதில் யார் மாட்டிக்கொள்கிறார்கள், எதில், ஏன் ஓடிவிட முடியாது என்று ஒரே வரியில் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வந்தால் முதல் ஞாயிறு மாலைக் காட்சி. சொல்ல வராமல் நட்சத்திரங்கள் பெயரும் வெளிநாட்டு லொக்கேஷனும்தான் நினைவில் நிற்கிறது என்றால் நாலு வாரம் பொறுத்துக்கொள்வோம். அரண்மனை மாதிரி வந்தால் கேள்வியே கேட்பதில்லை, என் மகள் கேட்க விடமாட்டாள். நீங்கள் போவதானால் பின்வரிசைப் பால்கனியை விட்டுவிட்டு நடுவரிசையில் கேளுங்கள், வசனம் அங்கேதான் ஒழுங்காகக் கேட்கும். சத்தம் சரியில்லை என்றால் இடைவேளையில் மேனேஜரைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, ஒரு புள்ளி ஏற்றிவிட்டுத்தான் வருவோம்.